திங்கட்கிழமைச் சட்டை

உனக்கு எதற்கடி இதெல்லாம்? ஊசியில் நூல் கோக்கத் தெரியவில்லை, அதற்குள் விசாரணை. "வீட்டுல சும்மா இருந்தா போர் அடிக்குது லா பாட்டி, கையால ஏதாச்சும் செஞ்சா மனசுக்கு நல்லதாம், சொல்லிக் குடுங்க" என்று வந்தாய். சரி, துணியைப் பிடி என்றேன். நீ துணியைப் பிடிக்காமல் என் பெட்டியைக் குடைந்து, அடியில் கிடந்த மாவுச் சாக்குச் சட்டையை வெளியே இழுத்துப் போட்டாய். ஆம்பிளைச் சட்டை. தோள் இந்தக் கதவகலம். "யாரு பாட்டி இந்தப் பயில்வான்?" என்று ஒரு சிரிப்பு வேறு. உன்னைப் பெற்றவளின் தாய் இருந்திருந்தால் வாயிலேயே ஒன்று போட்டிருப்பாள். ரப்பர் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில், எனக்குப் பக்கத்து அறைக்காரி அவள். அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இந்தச் சட்டையின் கதை அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணை மூடுகிற வரைக்கும் ஒரு வார்த்தை விடவில்லை. எனக்கு அந்த நல்ல குணம் கிடையாது. உட்கார்.

பாலோ ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்துக்கு நான் வந்தது ரப்பர் விலை விழுந்த காலத்தில். பழைய தோட்டத்தில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். என் வீட்டுக்காரர் பொந்தியான் பக்கம் ஒரு சீன முதலாளியின், தவுக்கேயின், சின்னத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டப் போனார். "எடம் சரியானதும் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன், அது வரைக்கும் பாலோவுல போய் இரு" என்றார். கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. சொன்னபடி வந்தேன். புதுத் தோட்டத்தில் என்னையும் யாருக்கும் தெரியாது, அவரை ஒருவரும் கண்டதே இல்லை.

லயத்து அறை குடும்பத்துக்குத்தான். தனிப் பெண் என்றால் யாராவது ஒரு குடும்பத்தின் மூலையில் பாய் போட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம் கங்காணி கைகாட்டுகிற ஆளுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அதைப் பழைய தோட்டத்திலேயே பார்த்திருக்கிறேன். அதனால் கங்காணியிடம், "வாராவாரம் ஞாயித்துக்கிழமை இருட்டினதும் வருவாருங்க, வெள்ளனத்துலயே கெளம்பிடுவாருங்க" என்று சொல்லி அறையை வாங்கிவிட்டேன். பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. அப்படித்தான் வருவார் என்று நம்பினேன். ஒரு ஞாயிறு போனது, இன்னொன்று போனது, மழைக்காலமே வந்துவிட்டது. அவர்தான் வரவில்லை.

வேலை முடிந்து அறைக்குள் நுழைந்தால் பேச ஆள் இல்லை. எனக்குப் பதில் பேசியது அடுப்பு ஒன்றுதான், அதுவும் ஈர விறகு வைத்தால். இரண்டு பக்கச் சுவரும் கூரையைத் தொடாது. பக்கத்து அறையில் புருஷன் பெண்டாட்டி சண்டை போடுவது, பிள்ளையை அதட்டுவது, சோறு போடுகிற கரண்டிச் சத்தம் எல்லாம் மேலே ஏறி என் பக்கம் இறங்கும். அடுத்த வீட்டுக் குழம்பு வாசனையில் என் சோற்றைச் சாப்பிடுவேன். காசில்லாத குழம்பு என்று நானே சொல்லி நானே சிரித்துக்கொள்வேன். கூடச் சிரிக்க ஆளில்லாத சிரிப்பு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

ஒரு நாள் கங்காணி வாசலில் நின்று, "என்னம்மா, புருஷன் வர்றானா இல்லியா? வராதவனுக்கு எதுக்கு அறை?" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு இந்த யோசனை வந்தது. கடையில் கெஞ்சி மாவுச் சாக்கு வாங்கினேன். வாயைத் தைத்திருந்த நூலை அறுக்காமல் உருவி எடுத்தால் அதுவே தைக்கிற நூல். சிரட்டைத் துண்டைக் கல்லில் தேய்த்துப் பொத்தான் செய்தேன். முதல் சட்டையில் ஒரு கை முழங்கையோடு நின்றது, மறு கை விரல் வரைக்கும் தொங்கியது. பிரித்துத் தைத்தேன். திங்கட்கிழமை மத்தியானம் அதைத் துவைத்து, எல்லார் கண்ணிலும் படும்படி கொடியில் போட்டேன்.

கங்காணி வந்தார். சட்டையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். முதுகில் மாவின் எடை போட்ட சாக்கு எழுத்து அழியாமல் கிடந்தது. அவருக்குக் கொஞ்சம் இங்கிலீசு தெரியும்.

"ஏம்மா, உன் புருஷன் எடைய முதுகுலயே போட்டு வச்சிருக்க?"

"காணாமப் போனா கண்டுபிடிக்கணும்ல, அதுக்குத்தாங்க."

"சட்டை இருக்கு, ஆளக் காணமே?"

"ஆளு வேலைக்குப் போயிட்டாருங்க. சட்டைதான் லீவு போட்டிருக்கு."

அவர் சிரித்துவிட்டுப் போனார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மூன்றாவதோ நாலாவதோ திங்கட்கிழமை, உன் பாட்டி கொடிக்கு அந்தப் பக்கம் நின்று தன் வீட்டுத் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள்: "ஏன் தங்கச்சி, உன் வீட்டுக்காரரு பொந்தியான்ல பால் வெட்டுறாரா, கோயில்ல மணி ஆட்டுறாரா?" அவள் புருஷன் சட்டையைப் பார்த்தேன். கறுப்புக் கறுப்பாய்ப் பால் கறை. ரப்பர் பால் பட்டால் காய்ந்து கறுத்துவிடும், எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. நானும் பால் வெட்டுகிறவள்தான், என் மேல்சட்டை முழுக்க அதே கறைதான். என் கற்பனைப் புருஷன் மட்டும் வெள்ளை வெளேரென்று தொங்குகிறான்!

மறுநாள் பால் வாளியில் விரலை விட்டுச் சட்டையில் புள்ளி புள்ளியாய் வைத்தேன். உன் பாட்டி பார்த்துவிட்டு, "கறை வைக்கச் சொன்னா கோலம் போட்டிருக்கியே" என்று வாய்க்குள் முனகிக்கொண்டு போனாள். யாரைச் சொன்னாள், எதைச் சொன்னாள், நான் கேட்கவில்லை. அவளும் நின்று விளக்கவில்லை. அப்புறம்தான் கவனித்தேன். கறை வலது கை மணிக்கட்டில் விழும், வயிற்றுக்குக் கீழே விழும், வாளி இடிக்கிற தொடைப் பக்கம் வழியும். கறைக்கும் ஒரு கைப்பழக்கம் வேண்டும், தெரியுமா? தையலை விட அதற்குத்தான் நாள் பிடித்தது.

அதற்குப் பிறகு கங்காணி அறைப் பேச்சை எடுக்கவில்லை. நான் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. சாயங்காலம் வந்தால் கை தானாகத் துணியைத் தேடியது. மங்குஸ்தான் தோலைக் கொதிக்க வைத்துச் சாயம் முக்கினேன். பையில் ஒரு சின்னப் பூ தைத்தேன், உள்பக்கமாக, வெளியே தெரியாதபடி. தைக்கும்போது பேசுவேன். இன்றைக்கு மரத்தில் பால் குறைச்சல், அட்டை கடித்தது, இப்படி. சட்டை நல்ல ஆள். குறுக்கே பேசாது. ஆனால் அளவெடுக்க ஆள் இல்லாததால் ஒவ்வொரு சட்டையும் கொஞ்சம் கொஞ்சமாய் அகலமானது. அவர் முகம் மங்க மங்க, தோள் வளர்ந்தது. "பொந்தியான் சோறு நல்லா ஒட்டுது போல" என்று உன் பாட்டி கேலி செய்வாள். "ஆமாக்கா, கடலோரக் காத்து" என்பேன்.

அவர் வந்தார். அதுவும் ஒரு திங்கட்கிழமை மத்தியானம்.

வாசலில் நின்ற ஒல்லி மனிதரை எனக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை. கொடியில் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்துத் தன் மார்பில் வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரு கை அகலம் வெளியே நின்றது. பால் கறையைத் தடவினார்.

"யாரு சட்டை இது?"

இல்லாத ஒருவனை ராத்திரியும் பகலும் உட்கார்ந்து தைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அதைச் சொன்னால், அவர் வராத ஒவ்வொரு ஞாயிறையும் நான் எப்படிக் கழித்தேன் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அது மட்டும் வரவில்லை.

"எங்க வீட்டுக்காரரோடது" என்றேன்.

அவருக்குக் கோபம் வரும், கத்துவார், ஒரு அடியாவது விழும் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்திருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். அந்த முகத்தில் வந்தது நிம்மதி. தலையில் சுமந்து வந்த பாரத்தை வாசலிலேயே இறக்கி வைத்தவர் மாதிரி மூச்சு விட்டார். "அப்ப சரி. அங்கயும் ஒருத்தி இருக்கா. எப்படிச் சொல்றதுன்னு வழி பூரா யோசிச்சுக்கிட்டே வந்தேன்" என்றார். சட்டையைச் சுருக்கம் விழாமல் கொடியிலேயே திரும்பப் போட்டார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். வெயில் இறங்குவதற்குள் ரயிலடிப் பக்கம் நடந்து போய்விட்டார். திரும்பிப் பார்த்தாரா என்று கேட்காதே. நான் கொடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். பெண்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். உன் பாட்டிதான் கேட்டாள்.

"யாரு தங்கச்சி வந்துட்டுப் போறது?"

குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தேன்.

"எங்க வீட்டுக்காரரோட தம்பிக்கா. அண்ணனப் பாக்க வந்தாரு. பாவம், நேத்து வந்திருந்தா பாத்திருக்கலாம்."