சித்தியின் ஓட்டு

வேப்பமர நிழலில் விரித்திருந்த ஜமுக்காளத்தைச் சித்தி பரபரவென்று இழுத்து மாற்றிப் போட்ட காலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. புதூர்ப் பக்கம் எங்கள் ஊர். அன்று சுதந்திர தினக் கிராம சபை. பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் ஜெயித்தவள் சித்தி. ஊர் ‘மெம்பர்’ என்று கூப்பிட்டதோ சித்தப்பாவை.

கோயில் முன் கலையரங்கமா, எங்கள் கீழத்தெருவுக்குக் குடிநீர்க் குழாயா என்று அன்று முடிவாக வேண்டும். இரண்டில் ஒன்றுக்குத்தான் வழி இருந்தது. கண்மாய்க் கிணற்றிலிருந்து குடம் சுமந்தவர்கள் பெண்கள். ஆனாலும் மாமனார் பார்த்துக்கொண்டிருக்க எந்த மருமகள் கை தூக்குவாள்? சித்தி ஆண்களை முன்னால் உட்காரவைத்தாள். பெண்களை அவர்கள் முதுகுக்குப் பின்னால்.

“ஏட்டி, பின்னால என்ன கூத்து நடக்கு?” என்றார் ஒரு பெரியவர்.

“திரும்பாதீங்க அண்ணாச்சி, கழுத்து சுளுக்கிரும்” என்றாள் சித்தி.

எல்லோரும் சிரித்தார்கள். முன்னால் இருந்தவர்களுக்கு வளையல் சத்தம் கேட்டது. யார் வளையல் என்று தெரியவில்லை. எதிரே மேஜையில் இருந்த ஊராட்சிச் செயலர் கைகளை எண்ணினார். அவர் வெளியூர்க்காரர். குழாய் வந்தது.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். கோவில்பட்டியில் அரசியல் அறிவியல் பட்டம் வாங்கினேன். அதைச் சொல்லும்போது இன்றும் தலை நிமிரும். நமக்காகப் பேச ஒருவரை அனுப்புவது ஒரு வழி, நாமே கூடி முடிவெடுப்பது இன்னொரு வழி என்று பிரித்துப் பிரித்துப் படித்தேன். சித்தி எங்களுக்காகப் பேசப் போனவள், எங்களையே பேசவைத்தாள். இனி எல்லா முடிவையும் மக்களே கைபேசியில் எடுத்துவிடலாம் என்கிறார்கள் உடன் படித்தவர்கள். வரட்டும். அம்மாவுக்கென்று கைபேசி கிடையாது. அப்பாவுடையது அவர் சட்டைப் பையில் இருக்கிறது. அம்மா அதில் எப்படிக் கை தூக்குவாள்? இதற்கும் சித்தி ஒரு வழி கண்டுபிடித்திருப்பாள். அவள் பக்கத்தில் இல்லையே என்று மனம் ஏங்கும்.

மழை பொய்த்த வருஷம் சித்தி குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டாள், பனியன் கம்பெனி வேலைக்கு. போன வாரம் கூப்பிட்டாள்.

“குழாயில தண்ணி வருதாட்டி?”

“வருது சித்தி. அங்கன?”

“லாரி வந்தா உண்டு. வராட்டா குடத்தத் தூக்கிட்டு அடுத்த தெருவுக்கு நடக்கேன்.”

“கவுன்சிலர்ட்டப் போய்ச் சொல்லேன்.”

சித்தி சிரித்தாள். “போனேன்ட்டி. ‘ஓட்டு எங்கம்மா இருக்கு?’ன்னு கேட்டாரு. ஊர்லன்னேன். ‘அப்ப அங்க போயிக் கேளுங்க’ன்னுட்டாரு.”

அந்தப் பக்கம் ஹாரன் சத்தம்.

“லாரி வந்துட்டு, வைக்கேன்” என்றாள்.