அத்தை கேட்ட ஒரு கேள்வி

என் அப்பாவின் அக்காவைக் குடும்பத்தில் எல்லோரும் கஞ்சி அத்தை என்றுதான் சொல்வோம். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்தவள். அவள் புடவையை மூலையில் நிறுத்தினால் தானாகவே நிற்கும் என்று அப்பா கிண்டல் செய்வார்.

தாத்தா லாரி ஓட்டினார். பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். பாட்டி நோயில் விழுந்ததும் அத்தை பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, இரண்டு தம்பிகளையும் ஒரு தங்கையையும் வளர்த்தாள். அவள் கல்யாணப் பேச்சு தள்ளிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் நின்றே போனது. கடைசியாக அதை யார் எடுத்தார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை.

தம்பி தங்கைகள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ஒருநாள் என் சித்தப்பா மகனும் சின்ன அத்தை மகனும் பள்ளியில் சண்டை போட்டு மூக்கை உடைத்துக்கொண்டார்கள். பெற்றோரை வரச்சொன்ன பிறகுதான் இருவரும் சொந்தம் என்பதே அவர்களுக்குத் தெரிந்தது. எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள், அத்தை சிரிக்கவில்லை. அந்த வருடமே ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து அத்தனை பேரையும் வரவழைத்தாள். அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவறியதில்லை. யாராவது சாக்குச் சொன்னால், எல்லோரையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே வந்துவிடுவதாகச் சொல்வாள். மறுபேச்சில்லாமல் கிளம்பி வந்துவிடுவார்கள்.

நான் பேனர் அச்சடிக்கும் கடையில் வேலை செய்கிறேன். கூடத்தில் மாட்ட வம்சாவளிப் பேனர் அடிப்பது என் பொறுப்பு. உச்சியில் தாத்தாவும் பாட்டியும், கீழே பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அதன் புகைப்படம் கைபேசிகளில் சுற்றிச்சுற்றி யாரிடமோ போய்ச் சேர்ந்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒருவர் கடைக்கு வந்தார். டயர்க்கடைக்காரர், உள்ளங்கை ரேகைகளில் கறுப்பு ஏறியிருந்தது. நெற்றி அப்படியே என் அப்பாவின் நெற்றி.

“மேல இருக்கறவரு எங்கப்பா” என்றார். “சண்டை போட வரல. அம்மா போன வருஷம் தவறிட்டாங்க. ஒரு தடவை வந்து எல்லாரையும் பாத்துட்டுப் போகலாமா?”

தாத்தாவுக்கு இன்னொரு வீடு இருந்தது பெரியவர்களுக்குத் தெரியும். வாய்விட்டுச் சொன்னதுதான் இல்லை. அப்பாவிடம் சொன்னேன். அக்காவைக் கேள் என்றார்.

அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

“அவங்க மேல எனக்குக் கோவமில்லடா. ஆனா அப்பா லாரிய எடுத்துட்டு அங்க கிளம்பற அன்னைக்கெல்லாம் எங்கம்மா சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாங்க. அந்த முதுகுதான் எனக்கு ஞாபகம் இருக்கு. நீங்க கூப்பிடுங்க. நான் வரல.”

அப்படியானால் இந்த வருடம் கூட்டமே வேண்டாம் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அதற்கும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த வருடம் அத்தை இல்லாமலே கூடினோம். டயர்க்கடைக்காரர் மனைவியோடும் மகளோடும் வந்து வாசலை ஒட்டி உட்கார்ந்தார். எல்லோரும் அவரிடம் மரியாதையாகத்தான் பேசினார்கள், விருந்தாளியிடம் பேசுவதுபோல. சித்தப்பா மட்டும் அந்தப் பக்கமே திரும்பவில்லை. சாப்பிடக் கூப்பிடுவது யார் வேலை என்றுகூட எவருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் எழுந்து என்னிடம் வந்தார். தன்னால்தான் அக்கா வரவில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறேன், வீட்டைக் காட்டு என்றார்.

அத்தை விரும்ப மாட்டாள் என்று தெரியும். ஆனாலும் அழைத்துப் போனேன்.

கதவைத் திறந்த அத்தை அவர் முகத்தையே பார்த்தாள். உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் மன்னிப்பு என்று தொடங்கியதைக் கையசைத்து நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“அப்பா உங்க வீட்ல சிரிப்பாரா?”

அவருக்குப் புரியவில்லை.

“இங்க சிரிச்சு நான் பாத்ததே இல்ல. எல்லாச் சிரிப்பும் அங்கதான் போலன்னு சின்ன வயசுலேருந்து நெனச்சுட்டிருக்கேன்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “இல்லக்கா. அங்கயும் அப்படித்தான். செருப்பக்கூட வாசல் பாத்த மாதிரிதான் கழட்டிவிடுவாரு. உங்க வீட்லதான் சந்தோஷமா இருக்காருன்னு எங்கம்மா சொல்லிச்சொல்லி அழுவாங்க.”

அத்தை அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. அவர் அம்மாவுக்கு என்ன நோய், யார் பார்த்துக்கொண்டார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். அவரும் ஒளிக்காமல் சொன்னார். பேச்சு முடிந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. விளக்கைப் போட்டுவிட்டு, “பொண்டாட்டி புள்ளையக் கூடத்துல தனியா விட்டுட்டா வந்த?” என்று அத்தை அவரைக் கடிந்துகொண்டாள்.

அடுத்த வருடம் பேனர் அடிக்கும் முன் என்னைக் கூப்பிட்டாள். டயர்க்கடைக்காரர், மனைவி, மகள் மூவரையும் சேர்க்கச் சொன்னாள். அவர் அம்மாவைப் போடுவதா என்று கேட்டதற்கு மட்டும் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இரண்டு நாள் கழித்துத் தானே போன் செய்தாள்.

“போடு. ஆனா எங்கம்மா பக்கத்துல வேணாம். அப்பாவுக்கு அந்தப் பக்கம் போடு.”

தாத்தாவை நடுவில் வைத்து அப்படியே செய்தேன். சித்தப்பா அந்த வருடம் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. அத்தை வருடந்தோறும் போன் செய்கிறாள், கட்டாயப்படுத்துவதில்லை. அவர் மகன் மட்டும் வருகிறான். போன முறை டயர்க்கடைக்காரரின் மகள் அருகே உட்கார்ந்து, தங்கச்சி என்று முறை சொல்லிக் கூப்பிட்டுச் சாப்பிட்டான். பள்ளியில் சொந்தம் தெரியாமல் சண்டை போட்டவன் அவன்தான்.