கை நனைக்காமல் வந்த வீடு

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசப் போன வீடு மனதுக்குப் பிடித்தால்தான் இலையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிடிக்காவிட்டால் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

என் மகளுக்குப் பல்லடத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோது இந்த வழக்கத்தில் நான்தான் மாட்டிக்கொண்டேன். தறி வைத்திருக்கும் குடும்பம். பையன் பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர். எல்லோருக்கும் பிடித்துப்போய் இலையும் போட்டுவிட்டார்கள். இட்லி, உளுந்து வடை, கேசரி. என் வீட்டுக்காரரும் கூட வந்த சொந்தங்களும் ஒரு கை பார்த்தார்கள். நான் மட்டும் இட்லியைப் பிய்த்து இலையில் அங்கும் இங்கும் நகர்த்திக்கொண்டிருந்தேன்.

எனக்கு வாய் திறக்காது. பேச்சைச் சொல்லவில்லை, பேச்சில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. உடம்பின் தோல் இறுகிக்கொண்டே போகிற வியாதி இது. கோயம்புத்தூர் டாக்டர் ஸ்கிளீரோடெர்மா என்று பெயர் சொன்னார். முதலில் விரல்களுக்கு வந்தது. நானும் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்தபோது, மார்கழிக் காலையில் விரல்கள் வெளுத்து, பிறகு நீலமாகும். அப்புறம் மடக்கினால் நிமிராமல் போயின. அடுத்தது முகம். வாய் கயிறு இழுத்த சுருக்குப்பை மாதிரி சுருங்கிவிட்டது. எச்சில் ஊறுவதில்லை. ஈறு இறங்கிப் பற்கள் ஆடுகின்றன. ஆடியதைப் பிடுங்கிவிட்டுப் பல் கட்டிக்கொள்ளலாம் என்று போனால், அளவெடுக்கிற தட்டு வாய்க்குள் நுழையவில்லை. "பயப்படாம நல்லாத் திறங்கம்மா" என்றார் பல் டாக்டர். நான் முழுசாகத் திறந்ததே அவ்வளவுதான் என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டில் எதையும் மசித்து, வாய்க்கு வாய் தண்ணீர் விட்டுத்தான் உள்ளே இறக்குவேன். பாதி வெளியே ஒழுகும். அதைச் சம்பந்தி வீட்டில் நாலு பேர் முன்னால் செய்ய வெட்கமாக இருந்தது. வியாதியைச் சொல்லிவிடலாம்தான். பெண்ணுக்கும் வரும் என்று நினைத்துவிட்டால்? முகமும் அசையாது. சந்தோஷமாக இருக்கிறேன் என்பதைக்கூட நான் வாயால் சொன்னால்தான் உண்டு. ஒன்றும் சொல்லாமல் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

"ஊடு எப்படீங்கம்மா இருந்துச்சு?" என்று வீட்டில் காத்திருந்த மகள் கேட்டாள். நல்லா இருக்குது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டாள்.

மறுநாள் தரகர் போன் செய்தார். "அம்மா கை நனைக்கலீங்களாமா. மூஞ்சியும் கடுகடுன்னு இருந்துச்சாமா. மனசில்லையோன்னு கேக்கறாங்க." இனி மறைத்துப் பயனில்லை என்று பையனின் அம்மாவை வீட்டுக்கு வரச் சொன்னோம். வந்தவரிடம் விரல்களைக் காட்டினேன், வாயைக் காட்டினேன்.

"அட சாமி, முன்னாலயே சொல்லியிருந்தாக் கஞ்சி காச்சிக் குடுத்திருப்பனேங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நிஜமான வருத்தம்தான். எனக்கு உயிர் வந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க, இது புள்ளைக்கும் வருமுங்களா?" என்றார்.

"டாக்டரைக் கேட்டாச்சுங்க. அப்படி வர்றது அபூர்வமுங்களாமா."

அவர் தலையாட்டினார். ஆனாலும் என் மகளைப் பார்த்து, "கண்ணு, ஒண்ணும் நெனச்சுக்காத. ஒருக்கா வாயத் தொறந்து காட்டு சாமி" என்றார்.

மகள் வந்து திறந்தாள். அவர் அவளுடைய மோவாயைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். பல்லைப் பார்த்தார், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நிமிர்த்தினார். அந்த வேலையைத்தான் நான் வருஷக்கணக்கில் செய்தேன். பனியனை வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை உண்டா, கறை உண்டா என்று பார்த்து, டேமேஜைத் தனியே தள்ளுவேன்.

"ஒரு குறையுமில்லீங்க. நாள் பாத்துரலாமுங்க" என்றார்.

நான் வேண்டிக்கொண்டிருந்தது அந்த வார்த்தையைத்தான். ஆனாலும் மகளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "எங்களுக்கு வேண்டாமுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வைத்த காபியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

"தொறக்காத வாயி தொறந்தா இப்படியா தொறக்கோணும்?" என்று வீட்டுக்காரர் அன்று பூராவும் கத்தினார். நான் அசையவில்லை. என் மகளின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறேன் என்று நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

என் விரல்களால் பிரஷ்ஷைப் பிடிக்க முடியாது. குழந்தைகளுக்கான சின்ன பிரஷ்ஷால் மகள்தான் தினமும் தேய்த்துவிடுவாள். அடுத்த நாள் காலையிலும் என் மோவாயைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு தேய்த்தாள்.

"எனக்குப் புடிச்சிருந்துச்சுங்கம்மா" என்றாள். "அவங்க கேட்டாங்க, நாந்தான தொறந்து காட்டுனேன். எனக்கு அது பெருசாப் படல. வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னால என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்களா?"

பிரஷ் வாயில் இருந்தது. எனக்கிருந்த கொஞ்ச வழியையும் அது அடைத்துக்கொண்டிருந்தது. அவள் ஈறு வலிக்காமல், நிதானமாக, கடைவாய் வரை தேய்த்துக்கொண்டே இருந்தாள்.