இடது பக்கம்

அந்தக் காரை முதன்முதலில் பார்த்தபோது அதன் மேல் பருத்திக் கழிவு மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். விளாங்குடியைத் தாண்டித் திண்டுக்கல் சாலையில், எப்போதோ மூடிப்போன ஒரு பஞ்சாலையின் பின்பக்கக் கொட்டகை அது. என் அண்ணன் மனைவி, அதாவது என் மதினி, ஒரு பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் ஆசிரியை. ஆலையைப் பிரித்து விற்கிறார்கள், பட்டறை வகுப்புக்கு உலோகம் கடையும் லேத் ஒன்று கிடைக்கும் என்று கேள்விப்பட்டு என்னையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். லேத்தைப் பார்க்கப் போனவர் பாதி வழியில் நின்றுவிட்டார். இரண்டு மூட்டைகளுக்கு நடுவே, சைக்கிள் சக்கரம்போலக் கம்பிகள் பின்னிய ஒரு கார்ச் சக்கரம் தெரிந்தது. நாங்கள் மூட்டைகளை இறக்கினோம். நீண்ட மூக்கும் இரண்டே இருக்கைகளும் கொண்ட பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். துணிக்கூரை கிழிந்து தொங்கியது. இருக்கைக்குள் எலி குட்டி போட்டிருந்தது. மதினி சேலைத் தலைப்பால் ஓரிடத்தை அழுத்தித் துடைத்தார். அழுக்குக்கு அடியில் கரும்பச்சை நிறம் வந்தது.

"நான் படிக்கிற காலத்துல இத புஸ்தகத்துலதான் பாத்திருக்கேன் தம்பி" என்றார். பிறகு அவர் லேத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

பழைய இரும்புக்குப் போகவிருந்த வண்டியைத் தன் சேமிப்பிலிருந்து வாங்கி, திருநகரில் எங்கள் வீட்டு ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம். அண்ணனும் மதினியும் கீழே, நான் மாடியில். அண்ணன் பயந்த சுபாவம் உள்ளவர். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். சமையல் வாயுவை மூடியாயிற்றா என்று அலுவலகத்திலிருந்து போன் செய்து கேட்பார். அவர் காரைச் சுற்றி ஒருமுறை நடந்து, "இது எதுக்கு நமக்கு?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் பார்த்தால் தன் ஸ்கூட்டரை வெயிலில் நிறுத்தி, ஷெட்டில் இடம் விட்டிருந்தார்.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. மதினி ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி அந்தத் துளைகளில் டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றினார். தினமும் கல்லூரி விட்டு வந்ததும் காரை கியரில் போட்டு, நாங்கள் இருவரும் பின்னாலிருந்து முன்னும் பின்னும் அசைப்போம். பன்னிரண்டாம் நாள் உள்ளே ஏதோ விட்டுக்கொடுத்து, சக்கரம் ஒரு விரல் அளவுக்கு உருண்டது. மதினி கிரீஸ் கையோடு என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். அந்தச் சட்டையை என்னால் மறுபடி உடுத்த முடியவில்லை. ஐம்பத்து நான்கு வயதில் ஒருவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதற்கு அடுத்த வாரங்களில்தான் சில விஷயங்கள் என் கண்ணில் பட்டன. இடது பக்கம் வைத்த ஸ்பேனரைத் தேடிக்கொண்டே இருப்பார். எண்ணெய் புனலுக்குள் போகாமல் வெளியே வழியும். ஷெட்டுக் கதவின் இடது நிலையில் தோள் இடித்துக்கொண்டு, "சனியன் பிடிச்ச கதவு" என்று திட்டுவார். மூக்குக்கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்றுதான் இருவரும் நினைத்தோம். அண்ணன் வெளியூர் போயிருந்த ஒரு நாளில் நான் அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஓர் இயந்திரத்துக்குள் பார்த்தபடி, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் கதவோரம் நின்றிருந்தேன். பொத்தான் சத்தம் கேட்கும், பிறகு வெகுநேரம் கேட்காது. அச்சடித்து வந்த படத்தில் இடது கண் பெரும்பாலும் கறுத்திருந்தது. வலது கண்ணின் ஓரங்களும் கறுக்கத் தொடங்கியிருந்தன.

டாக்டர் இளம்பெண். "கண்ணுல அழுத்தம் கூடி நரம்பு பாதிச்சிருக்கும்மா. போனது திரும்ப வராது. இருக்கிறதக் காப்பாத்தலாம். சொட்டு மருந்த ஒரு நாள்கூட விடக்கூடாது. இனிமே வண்டி ஓட்டாதீங்க" என்றார். மதினி மாணவர்களிடம் பேசும் குரலில், "எம்புட்டு நாள் இருக்கும்?" என்று கேட்டார். டாக்டர் மருந்துச் சீட்டை எழுதி நீட்டினார்.

வெளியே வராந்தாவில், மருந்து விட்ட கண்களை மூடியபடி மதினி என் மணிக்கட்டைப் பிடித்தார். "ஒங்க அண்ணன்ட்ட சொல்லிப்புடாத. தெரிஞ்சா நாளைக்கே காரைத் தூக்கி வெளிய போட்டுருவாரு. என்னைய வீட்டுக்குள்ள உக்கார வச்சுருவாரு. அந்த வண்டி என்னைக்கு ஓடுதோ, அன்னைக்கு நானே சொல்லிக்கிறேன்." நான் சரி என்றேன். யோசித்துச் சொன்னதல்ல. அந்தப் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொள்ள வேறு வழி தெரியவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் நான் பேசும் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் பேசினேன். கல்லூரிக்குத் தன் ஸ்கூட்டரில் போவதை விட்டதற்கு மதினி முழங்கால் வலி என்றார், நான் ஆமோதித்தேன். சொட்டு மருந்து கண் வறட்சிக்கு என்றார், நான் ஆமோதித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது அண்ணன் இடது பக்கமாகக் குழம்புக் கிண்ணத்தை நகர்த்துவார், மதினி கை வேறெங்கோ துழாவும். நான் சட்டென்று எடுத்துக் கொடுப்பேன். அண்ணன் நிமிர்ந்து பார்த்தால் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வேன்.

ஷெட்டில் வேலை இன்னும் வேகமானது. மதினி நேரத்தோடு பந்தயம் கட்டியவரைப்போல உழைத்தார். அச்சுகளைத் தாங்கும் பித்தளை வளையங்கள் தேய்ந்துபோயிருந்தன, புதியவற்றைக் கல்லூரி லேத்தில் தானே கடைந்து கொண்டுவந்தார். எலி கடித்த ஒயர்களை அடியிலிருந்து நுனிவரை மாற்றினார். பிரேக்குக்கான ரப்பர்கள் வெளிநாட்டிலிருந்து வரத் தாமதமானபோது, கோபத்தில் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. கடைசியில், காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் இரட்டைக் கார்புரேட்டர்களைச் சரிசெய்தார். ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்து, இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று கேட்டுக் கேட்டுத் திருகினார். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது. எஞ்சின் அதிர்ந்து, இருமி, பிறகு சீராக ஓடத் தொடங்கியபோது அண்ணன் வாசலிலிருந்து ஓடிவந்தார். "அடேயப்பா!" என்றார். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்துவிட்டு நான் மதினியைப் பார்த்தேன். சொல்வதாகச் சொன்ன நாள் அதுதான். மதினி என் பார்வையைத் தவிர்த்து பானட்டை மூடினார்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் மதினியைப் படிக்கட்டில் மடக்கிக் கேட்டேன். "ஒரே ஒரு தடவ தம்பி. ஆள் இல்லாத ரோட்டுல ஒரே தடவ ஓட்டிர்றேன். பெறகு சொல்லிர்றேன்" என்றார். அதற்கும் சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்தான் காரை நாகமலை புதுக்கோட்டை வரை ஓட்டிப் போனேன். மலையடிவாரத்தில் வயல்களுக்கு நடுவே போகும் ஒரு கிளைச்சாலையில் இடம் மாறிக்கொண்டோம். மதினி ஸ்டியரிங்குக்குப் பின்னால், நான் இடது இருக்கையில். இடது பக்கம் வருவதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டே வர வேண்டும் என்பது ஏற்பாடு. "இடது ஓரம் சைக்கிள். தாண்டியாச்சு. மூணு ஆடு. மெதுவா மதினி. தாண்டியாச்சு." இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தியபோது பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. மதினி கண்கள் மின்ன, "அடுத்த வாரமும் வருவோம்" என்றார். ஒரே தடவை என்றது அவருக்கும் நினைவிருந்தது, எனக்கும் நினைவிருந்தது. நான் இறங்கி ஓட்டும் இடத்துக்கு மாறினேன்.

மூன்றாவது ஞாயிறு அது நடந்தது. அதற்குள் எனக்குப் பயம் குறைந்திருந்தது. கூரையை மடக்கிவிட்டிருந்தோம். மழைக்குப் பின் மலை முழுக்கப் பச்சை. மதினி நான்காவது கியருக்கு மாற்றியதும் வண்டியின் சத்தம் தாழ்ந்து ஒரே இழையாக ஓடியது. மைல் கணக்கில் காட்டும் பழைய வேகமானியில் முள் நாற்பதைத் தொட்டது. நான் அந்த முள்ளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது சாலையின் இடது ஓரத்தில், தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெண்ணின் முதுகு. மதினி அவரை நோக்கியே போய்க்கொண்டிருந்தார்.

"மதினீ!" என்று கத்திக்கொண்டே கைப்பிரேக்கை முழு பலத்தோடு இழுத்தேன். மதினியும் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்திருக்க வேண்டும். பின்பக்கம் வழுக்கிச் சுழன்று, வண்டி கருவேலம் புதருக்குள் மூக்கை நுழைத்து நின்றது. பானட், கண்ணாடி, என் மடி எங்கும் பச்சைப்புல். எஞ்சின் அணைந்துவிட்டது. அந்தப் பெண்ணைத் தேடி நான் வண்டியிலிருந்து குதித்தேன்.

அந்தப் பெண் சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்த புல்லுக்கட்டை மட்டும்தான் வண்டி தட்டியிருந்தது. கீழே விழுந்ததில் முழங்கை உரிந்து ரத்தம் வந்தது, கண்ணாடி வளையல்கள் உடைந்திருந்தன. எழுந்ததும் மதினியைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏம்மா, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? இம்புட்டு அகல ரோட்டுல நான் ஓரமாத்தான போனேன்!"

மதினி இறங்கி, காரின் உடம்பைத் தடவிப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்தார். "ஆமாம்மா" என்றார். "எனக்கு அந்தப் பக்கம் கண்ணு தெரியாது."

யாரிடமும் சொல்லாத வார்த்தையை முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லிவிட்டு அப்படியே நின்றார். அந்தப் பெண்ணின் கோபம் தடுமாறியது. மதினியை மேலும் கீழும் பார்த்தவர், மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"அவகளுக்குத் தெரியல. ஒனக்குத் தெரியும்ல?"

இருபது ஆண்டுகளாகக் கடை நடத்துகிறேன். எத்தனையோ பேரிடம் எத்தனையோ பேச்சு வாங்கியிருக்கிறேன். அந்த ஒரு கேள்வியைக் கேட்டதும் குனிந்து புல்லைப் பொறுக்கத் தொடங்கினேன். மதினி தன் கைக்குட்டையால் அந்த முழங்கையைக் கட்டினார். ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று கெஞ்சினோம். "ஒங்க வண்டியில நான் ஏற மாட்டேன் சாமி" என்று மறுத்துவிட்டார். புல்லுக்கட்டை என் தலையில் வைத்துக்கொண்டு அவர் வீடு வரை நடந்தேன். மதினி என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்தபடி வந்தார். நர்ஸ் ஒருவரை வீட்டுக்கே வரவழைத்து, காயத்தைக் கழுவி ஊசி போடச் செய்த பிறகுதான் அங்கிருந்து கிளம்பினோம்.

திரும்பும்போது நான் ஓட்டினேன். மதினி முடியில் ஒட்டியிருந்த புல்லைக்கூட எடுக்கவில்லை. வீட்டு வாசலில் அண்ணன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் மதினி எல்லாவற்றையும் சொன்னார்: ஆஸ்பத்திரி, சொட்டு மருந்து, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், அந்தப் பெண். அண்ணன் குழாயை மூடினார். மதினியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எத்தன மாசமாடா ஒனக்குத் தெரியும்?" என்று என்னிடம் கேட்டார்.

"பத்து மாசத்துக்கு மேல ஆச்சுண்ணே."

"பூட்டு பூட்டியிருக்கான்னு ரெண்டு தடவ பாக்குறவன்டா நானு" என்றார். "என் வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

அதற்குப் பின் நான்கு மாதம் அவர் என்னிடம் பேசவில்லை. நான் மாடியிலிருந்து இறங்கினால் உள்ளே போய்விடுவார். சொட்டு மருந்து வேளைகள் இரண்டையும் அவர் எடுத்துக்கொண்டார். அலாரம் அடிக்கும், நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கும், "மேல பாரு" என்று அவர் சொல்வது மாடிக்குக் கேட்கும். மதினி பயந்ததுபோல அவரை யாரும் வீட்டுக்குள் உட்கார வைக்கவில்லை. அண்ணனே தினமும் பாலிடெக்னிக் வாசலில் இறக்கிவிட்டு, மாலையில் போய் நின்றார். காரையும் அவர் விற்கச் சொல்லவில்லை. நாங்கள் அவரைப் புரிந்துவைத்திருந்தது அவ்வளவு குறைவு. பத்து மாதம் மறைத்ததில் எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

ஒரு ஞாயிறு காலை அண்ணன் மாடிக்கு வந்தார். கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, சுவரைப் பார்த்துப் பேசினார்.

"வண்டிய ஓட்டாமப் போட்டா மறுபடி இறுகிப் போயிருமாம்ல. அவ சொல்றா. நீ ஓட்டு. அவ பக்கத்துல ஒக்காரட்டும். ரெண்டு பேருக்குத்தான எடம் இருக்கு, நான் ஸ்கூட்டர்ல பின்னாடி வாரேன்."

இப்போது பெரும்பாலான ஞாயிறுகளில் அப்படித்தான் போகிறோம். மதினியின் பார்வை இன்னும் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. எதிரில் இருப்பது தெரிகிறது, சுற்றிலும் இல்லை. ஆனாலும் நான் கியரைத் தாமதமாக மாற்றினால் முதலில் முகம் சுளிப்பவர் அவர்தான். நான் முள்ளைப் பார்ப்பதில்லை. மலையையும் பார்ப்பதில்லை. சாலையின் இரண்டு ஓரங்களையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தபடி ஓட்டுகிறேன். பின்னால் அண்ணன் ஹெல்மெட்டின் பட்டையைத் தாடைக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, ஒரே வேகத்தில் வருவார். நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக மாட்டார், அதனால் நாங்களும் போவதில்லை.

காற்றில் முடி பறக்க மதினி அவ்வப்போது என் பக்கம் திரும்பிக் கேட்பார்.

"வாராரா?"

"வாராரு மதினி."

வளைவு ஒன்று வரும். கண்ணாடியிலிருந்து அண்ணன் மறைந்துவிடுவார். அவர் மறுபடி தெரியும் வரை நான் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வைத்திருப்பேன்.