சாமி படத்தடியில் கையுறைகள்

அறுபதுகளின் கடைசியில் சென்னையில் தொழிற்சாலைப் பாதுகாப்பு பற்றி முதுகலை படித்தேன். ஆபத்தை அடக்கும் வித்தையை எங்கள் பேராசிரியர் மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்து போதிப்பார். ஏதாவது ஒரு பட்டறையைத் திருத்திக் காட்டினால்தான் மதிப்பெண் என்றார்.

காஞ்சிபுரத்தில் என் மாமாவுக்குச் சாயப்பட்டறை இருந்தது. கொதிக்கும் அண்டாவிலிருந்து எடுத்த பட்டு நூலை, சூடு ஆறுவதற்குள் வெறுங்கையால் பிழிவார்கள். நான் ரப்பர் கையுறைகள் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆயுதபூஜை முடிந்த கையோடு பேராசிரியர் பார்வையிட வந்தார். கையுறைகள் சந்தனம் குங்குமத்தோடு சாமி படத்துக்குக் கீழே கொலுவிருந்தன. ஆட்கள் வெறுங்கையால் பிழிந்துகொண்டிருந்தார்கள்.

"இன்னா மாமா இது?" என்றேன்.

"சாயத்துல முக்குனா பாழாப்பூடும்பா. நீ ஆசையா வாங்கியாந்த சாமானாச்சே!"

பேராசிரியர் ஒரு கையுறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கிழிசல் இல்லை, கறை இல்லை. பராமரிப்பு அருமை" என்று பூரித்துப்போய் அங்கேயே முழு மதிப்பெண் போட்டார்.

நூல் பிழிந்துகொண்டிருந்த ஒருவர் கையை அலம்பிவிட்டு எங்களுக்குப் பூஜைப் பொரியை அள்ளி நீட்டினார். அவர் கையெல்லாம் கொப்புளம். அதைப் பார்த்ததும் பேராசிரியர் தம் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"ஸ்பூன் இல்லையா?" என்றார்.