கழுத்து வரைக்கும் அக்கா

எங்கம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒயரைச் செருகி லைன் கொடுக்கும் வேலை பார்த்தவள். ஊரில் யார் யாரோடு பேசினாலும் நடுவில் அவள் கை இருக்கும், அதுவும் இடது கை. வெள்ளம் வந்த அன்று கூட வேலை பார்த்தவர்கள் மாடிக்கு ஓடிவிட, இவள் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து ஆற்றோரத் தெருவில் வீடு வீடாக மணி அடித்து, "கிளம்புங்க, சாமான் செட்டெல்லாம் பாக்காதீங்க" என்று விரட்டினாள். ஒரு உயிர்கூடப் போகவில்லை. பிறகு ஒருவரும் அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

எதிர்பார்க்க வைத்தது சித்தி. அம்மாவின் ஒரே தங்கை. தாயில்லாப் பிள்ளை என்று அம்மாவே தூக்கி வளர்த்து, தன் சம்பளத்தில் ஓவியம் படிக்க வைத்தாள். நகராட்சி தன் நூற்றாண்டுக்குப் பீங்கானில் ஒரு நினைவுத் தட்டு வெளியிட்டபோது, படம் வரையும் வேலை சித்திக்குக் கிடைத்தது.

"ஓரத்துல பாலம், மில்லு, ஸ்டேஷன். நடுவுல நீதான்க்கா, வெள்ளத்துல போன் போட்டுக்கிட்டு."

அம்மா வெட்கப்பட்டு அடுப்படிக்குள் ஓடினாள். ஆனால் சித்தி சொன்னபடியெல்லாம் முக்காலியில் முன்னால் சாய்ந்து, ஒயருக்குப் பதில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு போஸ் கொடுத்தாள். கழுத்து பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துவிட்டது நான்.

விழாவில் எங்களுக்குக் கொடுத்த தட்டைப் பிரித்தோம். இடது கை அம்மாவுடையது. சரிந்த தோள் அம்மாவுடையது. முகம் மட்டும் நகராட்சித் தலைவரைப் பெற்றவளுடையது. போன் அடித்தால் எடுத்துக் கொடுக்கவே ஆள் வைத்திருந்த மகராசி!

"யாருடி இது?" என்றாள் அம்மா.

சித்தி குரலைத் தாழ்த்தினாள். "தலைவர் கேட்டாருக்கா. முடியாதுன்னா வேலையை வேற ஆளுக்குக் குடுத்திருப்பாங்க. கழுத்து வரைக்கும் நீதான்."

வீட்டுக்கு வந்ததும், "உடைச்சுப் போடும்மா" என்றேன்.

"வேற யாராவது செஞ்சிருந்தா நாலு கேள்வி கேட்டிருப்பேன். இவ என்னை உக்கார வெச்சு, மூஞ்சியைப் பாத்துப் பாத்து வரைஞ்சாளே!" என்று அம்மா அழுதாள்.

அடுத்த விடுமுறைக்குச் சித்தி வழக்கம்போலச் சாப்பிட வந்தாள், ஒன்றும் நடக்காத மாதிரி. அம்மா அந்தத் தட்டில்தான் சோறு போட்டு வைத்தாள். ஓரத்துப் பாலத்தையும் மில்லையும் பார்த்ததும் சித்தி தட்டை அடையாளம் கண்டுகொண்டாள். சுற்றிச் சுற்றி ஓரமாகவே எடுத்துச் சாப்பிட்டாள். நடுவில், அந்த முகத்தின் மேல், ஒரு பிடி சோறு அப்படியே இருந்தது.

"போதும்க்கா. வயிறு நிறைஞ்சிடுச்சு."

சித்தி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மா அவளை எப்படி அதட்டியிருப்பாளோ, அப்படியே அதட்டினாள்.

"மிச்சம் வெக்கக் கூடாது. வழிச்சுச் சாப்பிடு."

சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்து, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.