அவன் கலாஸ் சொன்ன சிலை

அந்தச் சிலைக்கு முகம் இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம்.

ஷார்ஜாவில், ரோலா பகுதியில் நான் மகளோடும் மருமகனோடும் குடியிருக்கிற கட்டடத்தின் மொட்டைமாடியில்தான் அந்தப் பையன் சிலை செய்வான். பகலில் ஜிப்சம் பட்டறையில் டியூட்டி. பெரிய வீடுகளின் கூரை ஓரத்துக்குப் பூவும் கொடியும் அச்சில் வார்க்கிற வேலை. மிஞ்சின வெள்ளைக் கட்டிகளைச் சாக்கில் போட்டுத் தோளில் சுமந்து வருவான். கீழே ஆறு பேர் தங்கிய ரூமில் அவனுக்கு ஒரு கட்டில் உண்டு, கை நீட்ட இடம் கிடையாது. அதனால் வாட்ச்மேன் மாடிச் சாவியை அவனிடமே கொடுத்துவைத்திருந்தார்.

குளிர் மாதங்களில் சாயங்காலமானால் நானும் மாடிக்குப் போவேன். காய்ந்த துணியை எடுத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து கீரை ஆய்வேன். பிற ஆண்கள் இருக்கிற இடத்தில் முகத்தைக் காட்டி உட்கார எனக்குச் சின்ன வயசிலிருந்தே கூச்சம். தண்ணீர்த் தொட்டி நிழலில் அவனுக்கு முதுகைக் காட்டி உட்காருவேன். பின்னால் உளி சுரண்டுகிற சத்தம் கேட்கும், யாரோ அரிசி களைகிற மாதிரி. வெயில் மஞ்சளாகிக்கொண்டே வரும். பள்ளிவாசல் பாங்கு ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து காற்றில் கலந்துபோகும். வெள்ளைத் தூள் மிதந்துவந்து என் தோளிலும் கீரையிலும் படியும். அந்த நேரத்தில் நான் எந்த ஊரில் இருக்கிறேன், எனக்கு என்ன வயது என்பதே மறந்துவிடும்.

பொங்கல் விழாவுக்கு நம் ஆட்கள் கூடுகிற மண்டபத்தில் ஒரு மேசை கேட்டு வாங்கி, தான் செய்ததையெல்லாம் வைத்தான். கையும் காலும் கரைந்துபோன மாதிரி உருவங்கள். அதற்குப் பெயர் மாடர்ன் என்றான். எங்கள் கூட்டத்தில் அப்படிச் செய்த முதல் ஆள் அவன்தான்.

"என்னப்பா இது, மாவு பொங்கி வழிஞ்ச மாதிரி இருக்கு?" என்றார் ஒருவர். "ஒரு பிள்ளையார் செஞ்சு குடு, ஹால்ல வச்சுக்கிறேன்."

"பிள்ளையாருக்கு ஆள் நிறைய இருக்காங்க சார். இதுக்கு நான் ஒருத்தன்தான்" என்று சிரித்தான்.

அதற்கப்புறம் ஒரு நாள் மாடியில் துணியை எடுத்துக்கொண்டு எழப்போனேன். "பெரியம்மா, திரும்பாதீங்க. அப்படியே கொஞ்சம் இருங்க" என்றான். இருந்தேன். பல சாயங்காலங்கள் அப்படியே போயின.

கடைசியில் கூப்பிட்டுக் காட்டினான். முழங்கால் உயரத்தில் ஒரு பெண். மணல்மேடு மாதிரி வளைந்த முதுகு, சரிந்த கொண்டை. சுற்றி முன்பக்கம் போனேன். முகம் இருக்கவேண்டிய இடம் முட்டை மாதிரி வழவழவென்று இருந்தது.

"கண்ணு வைக்கலையா தம்பி?"

"நீங்க காட்டுனாத்தானே வைக்கிறதுக்கு!"

எனக்கு வெட்கமாகிவிட்டது. "கோயில்ல கண்ணு தொறந்தாத்தான் சிலைம்பாங்க. அதுவரைக்கும் கல்லுதான்."

"இது சாமி இல்ல பெரியம்மா. கீரை ஆயுறவங்க. அவங்க கண்ணு கீரை மேல இருக்கு. அது போதும்." கையைத் தட்டித் தூளை உதறினான். "கலாஸ்."

டீ தீர்ந்தாலும் வேலை முடிந்தாலும் இங்கே எல்லாரும் சொல்கிற அரபு வார்த்தைதான் அது. அவன் சொன்னபோது தூங்குகிற குழந்தைக்குப் போர்த்திவிடுகிற மாதிரி சொன்னான்.

பத்து நாள்கூட இருக்காது. காலையில் டியூட்டி வண்டி கீழே நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டதாம். முப்பத்திரண்டு வயசு. இங்கே வந்து நாலு வருஷம். செய்தது மொத்தம் பதினோரு உருவம்.

உடலை ஊருக்கு அனுப்பினார்கள். கடைசிச் சிலையை அவன் அம்மாவுக்குக் கார்கோவில் அனுப்புவதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமை நான் மாடிக்குப் போனபோது ரூம்காரர்கள் சிலையைச் சுற்றி நின்றிருந்தார்கள். சாமி முகம் வார்ப்பதில் கெட்டிக்காரரான பட்டறை நண்பர் ஒருவர் கிண்ணத்தில் ஜிப்சம் மாவு கலக்கிக்கொண்டிருந்தார்.

"மூஞ்சி முடிக்கிறதுக்குள்ள போய்ட்டான் பாவி. நான் கண்ணு மூக்கு வச்சு முடிச்சிடறேன். இப்படியே பாத்தா பெத்தவ தாங்குவாளா?"

நல்ல மனசோடுதான் சொன்னார். அத்தனை ஆண்களுக்கு முன்னால் எப்படியோ வாயைத் திறந்து, "கலாஸ்" என்றேன். அவன் சொன்ன வார்த்தை அதுதானே.

அவர் கண் கலங்கிவிட்டது. "ஆமா பெரியம்மா, கலாஸ். இவ்வளவு சீக்கிரம் கலாஸ் ஆவான்னு யார் கண்டா."

ஆள் செத்தாலும் இங்கே கலாஸ்தான். நான் சொன்னது அப்படிப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் விரலில் மாவை எடுத்தார்.

கையிலிருந்த காய்ந்த துணியைக் கீழே போட்டேன். தொட்டி நிழலில், பழைய இடத்தில், அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டேன். யார் முகமும் தெரியாததால்தான் பேச்சு வந்தது என்று நினைக்கிறேன்.

"அது நான்தான். நான் மூஞ்சியைக் காட்டல, அதான் அவன் வைக்கல. முடிச்சுட்டுத்தான் கலாஸ்னான். தொடாதீங்கப்பா."

பின்னால் செருப்புச் சத்தம் நெருங்கி வந்து நின்றது.

"அண்ணே, அதே கொண்டைண்ணே!" என்றது ஒரு குரல்.

"இடது தோள் எறங்கியிருக்கு பாரு. அப்படியே வச்சிருக்கான்..." அது நண்பரின் குரல். பிறகு அவர் மெதுவாக, "மாவு இறுகிப் போச்சுப்பா" என்றார். கிண்ணத்தைக் கவிழ்த்துத் தட்டுகிற சத்தம் கேட்டது.

சிலையை என் பழைய சேலையில் சுற்றித்தான் அனுப்பினார்கள். அவன் அம்மா முதலில் முதுகைத்தான் தடவிப் பார்த்தாராம்.

கிண்ணத்திலிருந்து விழுந்த அந்த வெள்ளைக் கட்டி மாடியிலேயே கிடந்தது. கண்ணும் மூக்கும் ஆகாமல் போன மாவு. காற்றடிக்கிற நாட்களில் கீரைக்கு விரித்த பேப்பர் பறக்காமல் இருக்க அதைத்தான் மேலே வைத்துக்கொண்டு கீரை ஆய்கிறேன்.